மூணு கத்தரி போதாது

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் முன்சீட்டு அம்மாள் திடீரென்று சொன்னாள்: “கேன்சர் வந்தது எனக்கு. ஆனா மொட்டை உனக்குத்தான்டா.”

நான் பேப்பரை மடித்துவிட்டேன். இதற்குமேல் செய்தி எதற்கு? அவள் பக்கத்தில் இருந்தவன் குவைத்திலிருந்து லீவில் வந்த தம்பி.

“அக்கா, அடுத்த வாரம் பொண்ணு பாக்கப் போறோம். மூணு கத்தரி முடி குடுத்தா போதாதா?”

“அது பொம்பளைங்க குடுக்கறது. நீ இன்னா வேண்டிக்கினே?”

“அஞ்சு வருஷம் திரும்ப வராம இருந்தா முழு மொட்டைன்னு. நெட்டுல படிச்சு பயந்துட்டேன்க்கா. ஆபரேஷன்ல வலிக்கு மார்ஃபின் போட்டா கேன்சர் திரும்பும்னு இருந்துச்சு.”

“போன்ல வேணாம் வேணாம்னு அழுத. நான் மயக்க ஊசி டாக்டரையே கேட்டேன். ‘அது இன்னும் நிரூபணம் ஆகலம்மா. ஆனா வலியோட இருந்தா மூச்சுகூட சரியா இழுக்க முடியாது, அது நிச்சயம்’னாரு. போடுங்க சார்னேன். மார்பை எடுத்த மறுநாளே எழுந்து நடந்தேன். அஞ்சு வருஷமும் ஆயிடுச்சு. நேத்து செக்கப்புல இன்னா சொன்னாங்க?”

“ஒண்ணுமில்லன்னாங்க.”

“சத்தமா சொல்லு.”

“ஒண்ணுமே இல்லன்னாங்கக்கா!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

திருப்பதி வந்ததும் அவன் சீப்பை எடுத்து ஆசையாக ஒருமுறை தலை வாரிக்கொண்டான். அவள் தன் நீளப் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு அவனிடம் காட்டினாள்.

“கீமோல மொத்தமா கொட்டிச்சு. எனக்குத் திரும்பி வந்தது இது ஒண்ணுதான்டா. உனக்கும் வரும், நட.”