ஒரு துண்டு கருவாடு

சாரல் விழத் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் எந்த எண்ணெயைக் கொடுத்தாலும் தலையை நீட்டிவிடுவார்கள். நான் ஒன்றும் ஊரை ஏமாற்ற வந்தவன் இல்லை. தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் பச்சிலையும் சூடமும் போட்டுக் காய்ச்சி, அருவிக்குப் போகிற வழியில் விற்றேன். உடம்புவலிக்கு நன்றாகவே கேட்கும்.

காக்காய் வலிப்புக்கும் கேட்கும் என்று பலகை மாட்டியது பிறகுதான். வந்தவர்களெல்லாம் பத்தியம் என்ன என்று கேட்டார்கள். பத்தியம் இல்லாத மருந்தை எங்கள் பக்கம் யார் மதிக்கிறார்கள்? மீன், கருவாடு, கத்திரிக்காய் ஆகாது என்றேன். இங்கிலீஷ் மாத்திரையும் ஆகாது என்று சேர்த்துக்கொண்டேன். மாத்திரையை விழுங்கிக்கொண்டே எண்ணெய் தேய்த்தால், குணமானதும் பெயர் மாத்திரைக்கல்லவா போகும்? தொழில் செய்கிறவர்களுக்கு இது புரியும்.

தென்காசியில் பீடி சுற்றும் உலகம்மை தன் மகள் வேல்விழியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை. சூட வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மாத்திரையை நிறுத்திக் கொஞ்ச நாளில், குளிக்கும்போது வலிப்பு வந்து தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தது. தூக்கும்போது உயிர் இல்லை. எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அன்று அரைநாள் கடையை அடைத்தேன். சீசன் நேரம், அதற்குமேல் முடியவில்லை.

மாத்திரையை நிறுத்தியதுதான் வினையாயிற்று என்று ஆஸ்பத்திரியில் சொல்ல, உலகம்மையின் தம்பி அவளைக் கேஸ் போட வைத்தான். நான் பொய் சொல்லி விற்றதாகத் தென்காசியில் தீர்ப்பு வந்தது. இனி விற்கவே கூடாது என்றார்கள். மதுரைக்கு அப்பீல் போனேன்.

மாத்திரையை நிறுத்தச் சொன்னீர்களா என்று அங்கே கேட்டார்கள். டாக்டரைக் கேட்டுக்கொள்ளச் சொன்னேன் என்றேன். வாயால் சொன்னதற்குச் சாட்சி ஏது? பிறகு என் வக்கீல் உலகம்மையிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், பத்தியம் காத்தீர்களா என்று. வேறு யாராவது என்றால் ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள். இவளுக்குப் பொய் வராது. பிள்ளை ஆசைப்பட்டதே என்று ஒருநாள் ஒரு துண்டு கருவாடு கொடுத்ததை அப்படியே சொல்லிவிட்டாள். சொன்ன முறைப்படி மருந்தைப் பயன்படுத்தவில்லை என்று கேஸ் என் பக்கம் முடிந்தது.

நீங்கள் கேட்பது கோர்ட் வராந்தாவில் நடந்ததைத்தானே? சொல்கிறேன். உலகம்மை நேரே என்னிடம் வந்தாள். மண்ணை வாரித் தூற்றப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“அண்ணாச்சி, ஒங்க மகளுக்கும் இந்த எண்ணெய்லதான் குணமாச்சுன்னு சொன்னிய. அப்ப மாத்திரைய நிறுத்துனதால இல்லையா? நாங் குடுத்த கருவாடுதான் எம்புள்ளயக் கொண்டுபோச்சா?”

என் மகளுக்கு வலிப்பு உண்டு, உண்மைதான். ஒரு வேளை மாத்திரையைக்கூட அவள் தவறவிட்டதில்லை. அந்த எண்ணெயை அவள் தலையில் ஒரு சொட்டு வைத்ததில்லை. அதை அங்கேயே சொல்லியிருக்கலாம்.

“ஆமா தாயி, பத்தியத்த முறிச்சிட்டியே” என்றேன்.

அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். காரணம் புரியாமல் கிடந்து அல்லாடுகிறவளுக்கு ஒரு காரணமாவது சொன்னோமே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.