ஒரு கட்டம் மேலே

எனக்குப் போனில் கதைப்பது பிடிக்காது. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் இது தெரியும். மணி அடித்தால் போனைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு ஓயும்வரை காத்திருப்பேன். மம்மி வேலைத்தலத்திலிருந்து எடுத்தாலும் அப்படித்தான். பிறகு மெசேஜ் அனுப்புவேன்: சொல்லுங்கோ மம்மி.

பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் இதே காரணத்தால்தான். எழும்பி வாசிக்கச் சொன்னால் என் குரல் வெளியே வராது. எழுதச் சொன்னால் எவ்வளவும் எழுதுவேன். எழுதிய கொப்பிகள் கட்டிலுக்குக் கீழே பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. இது பதினான்காவது.

அக்கா டெனிஷா எனக்கு நேர்மாறு. கடையில் சிங்களத்தில் பேரம் பேசுவாள், பஸ்ஸில் கொண்டக்டரோடு சண்டை பிடிப்பாள். எனக்கும் சேர்த்து அவள்தான் கதைப்பாள். "பெரிய கொப்பி ஒண்டு தாங்கோ அங்கிள், கோடு போட்டது. கோடில்லாதத குடுத்தா எங்கட ஐறீன் மூண்டு நாளைக்குச் சாப்பிடமாட்டா" என்பாள். நான் பக்கத்தில் நின்று சிரிப்பேன். ஐந்து வருடமாக எனக்கு வேண்டியதெல்லாம் இப்படித்தான் வந்தது.

அவள் கோவில் பாடகர் குழுவில் கிற்றார் வாசித்தவள். சென்ற தவக்காலத்தில் வெள்ளவத்தை ரெனால்ட் அங்கிள் அவள் வாசிப்பதைக் கேட்டார். அவர் ஒரு சின்ன ஜாஸ் குழு வைத்திருக்கிறார். ஓகஸ்ட்டில் மாலைதீவில் ஒரு ஹோட்டலில் ஆறு மாத ஒப்பந்தம். அவருடைய கிற்றார்காரன் கனடாவுக்குப் போய்விட்டான். அதற்குள் ஜாஸ் கோர்ட்டுகளை, பல கம்பிகளை ஒன்றாக ஒலிக்கவைக்கும் விரல் பிடிகளை, பழகிக்கொண்டால் அக்காவைக் கூட்டிப்போவதாகச் சொன்னார்.

கோவிலில் வாசிக்கும் கோர்ட்டுகளில் விரல் படாத கம்பிகளும் சேர்ந்து ஒலிக்கும். அதனால் அவற்றை இடம் மாற்ற முடியாது. ஜாஸில் அப்படியில்லை. ஒலிக்கிற கம்பி ஒவ்வொன்றையும் விரல் அழுத்தியிருக்கும். அந்த வடிவத்தைக் குலைக்காமல் கிற்றாரின் கழுத்தில் உலோகக் கம்பிகள் பிரிக்கும் எந்தக் கட்டத்துக்கும் நகர்த்தலாம். வடிவம் ஒன்றுதான், இடம் மாறினால் சுருதி மாறும். பத்து வடிவம் தெரிந்தால் நூறு பாட்டு வாசிக்கலாம்.

அக்காவுக்கு வீடியோ பார்த்துப் படிக்கப் பொறுமை இல்லை. நான் பார்த்துக் கொப்பியில் கீறுவேன். ஆறு கோடு, விரல் வைக்கும் இடங்களில் புள்ளி, பக்கத்தில் எத்தனையாவது கட்டம் என்று எண். என் கீறல் அச்சடித்ததுபோல் இருக்கும் என்று அவள் எல்லோரிடமும் காட்டுவாள்.

முதல் பாட்டுக்கு எல்லா எண்களையும் ஒன்று கூட்டி எழுதினேன்.

இதை வாசிப்பவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தனியே இருந்து வாசிக்கும்போது இந்தப் பிழை கேட்காது. எல்லாமே ஒரு கட்டம் மேலே போயிருப்பதால் ஒன்றுக்கொன்று சரியாகவே இருக்கும். வேறு யாரோடாவது சேர்ந்து வாசித்தால்தான் தெரியும். அக்காவுக்குப் பதிவோடு சேர்த்து வாசிக்கும் பழக்கம் கிடையாது. மூன்று வாரம் அழகாக வாசித்தாள். ரெனால்ட் அங்கிள் அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார், அவள் இரண்டு நாள் அழுவாள், பிறகு எல்லாம் பழையபடி ஆகும் என்று நினைத்தேன். ஆறு மாதம் என்பது யாருக்கும் சின்ன விஷயம். கடைக்குப் போய் ஒரு கொப்பி கேட்கத் தெரியாதவளுக்கு அப்படியில்லை.

வெள்ளவத்தைக்கு நானும் போனேன். ரயில் பாதைக்குப் பக்கத்து வீடு, மேல்மாடி. ரெனால்ட் அங்கிள் கீபோர்ட், மெல்ரோய் என்பவர் பேஸ் கிற்றார். முதல் வரியிலேயே அக்காவின் கிற்றார் மற்ற இரண்டோடும் மோதியது.

"என்ன பிள்ள, நாங்க கொழும்புக்குப் போறம், நீ காலிக்குப் போறாய்?" என்றார் அங்கிள்.

அக்கா தலையைச் சாய்த்து ஒரு கணம் கேட்டாள். பிறகு கையை ஒரு கட்டம் கீழே இறக்கினாள். அவ்வளவுதான். எல்லாம் பொருந்திவிட்டது.

"தங்கச்சி ஒரு கட்டம் மேல கீறிட்டா அங்கிள். அவளுக்குப் பசி போல" என்று சொல்லி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து நித்திரை கொண்டாள். கடதாசியில் இருக்கும் எதையும் அவள் கை திருத்திவிடும் என்று எனக்கு அன்று விளங்கியது. அதற்குமேல் அன்று நான் எதுவும் நினைக்கவில்லை. அந்த நாளின் பக்கத்தை இப்போதும் எடுத்துப் பார்த்தேன். அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

மே மாதம் அவளுடைய இடது மணிக்கட்டு நோகத் தொடங்கியது. சின்ன விரல் விறைத்தது. பக்கத்துக் கிளினிக்கில் ஸ்கேன் எடுத்தார்கள். "பிரச்சின இருந்தா மட்டும் நாங்க கோல் எடுப்பம். எடுக்காட்டி பயப்படத் தேவையில்ல" என்றார் தாதி. அக்காவின் போன் அந்த வாரம் திருத்தக் கொடுத்திருந்தது. அதனால் என் நம்பரைக் கொடுத்தாள். "இவ எடுக்கமாட்டா, ஆனா போன் அடிக்கிற சத்தம் எனக்குக் கேக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு அழைப்பு வந்தபோது அவள் குளித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. நான் எடுத்தேன்.

"டெனிஷாவா?"

"தங்கச்சி."

"அக்காட்ட சொல்லுங்கோ, மணிக்கட்டில ஒரு சின்னக் கட்டி நரம்ப அமத்துது. சின்ன ஒப்பரேஷன்தான், பயமில்ல. ஆனா இந்தக் கிழமையே வரவேணும். அதுவரைக்கும் கிற்றார் தொடவே கூடாது. பிந்தினா விரலுக்குப் பெலன் திரும்பாது. மறக்காமச் சொல்லுவீங்கதானே?"

"ஓம்."

என் குரல் நடுங்காமல் வந்தது. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வெட்கத்தோடு எழுதுகிறேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அக்கா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். "கிளினிக்கால எடுத்தவையா?"

"இல்ல."

"அப்ப ஒண்டுமில்ல" என்று கிற்றாரை எடுத்தாள்.

அடுத்த நாள் சொல்லலாம் என்றிருந்தேன். அடுத்த நாள் சொன்னால், நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்வி ஒரு நாள் வளர்ந்தது. முதல் வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொறாமை, சோம்பல், ஒரு பொய் என்றேன். என்ன பொய் என்று ஃபாதர் கேட்கவில்லை. அக்காவுக்கு உதவியாக இருக்கச் சொன்னார்.

நான் உதவியாக இருந்தேன். உப்புப் போட்ட சுடுதண்ணீரில் அவள் கையை வைத்துப் பிடித்தேன். தைலம் தேய்த்தேன். அவள் இலேசான வடிவங்களாகக் கேட்டபோது, சின்ன விரலை நான்கு கட்டம் விரித்து அழுத்த வேண்டிய வடிவங்களைக் கீறிக்கொடுத்தேன். அந்த விரலுக்குப் பலம் வரும் என்று வீடியோவில் சொன்னதாகச் சொன்னேன். வீடியோவில் அப்படி யாரும் சொல்லவில்லை. எண்களை மட்டும் இந்த முறை சரியாக எழுதினேன்.

ஜூலையில் அவள் கையிலிருந்து தேத்தண்ணிக் கோப்பை விழுந்தது. பிறகு சட்டைப் பொத்தான் பூட்ட முடியவில்லை. பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, வெள்ளவத்தையில் வாசித்துக்கொண்டிருந்தவளின் சின்ன விரல் கம்பியை அழுத்தாமல் சும்மா கிடந்தது. அவள் மற்றக் கையால் அதைத் தூக்கி வைத்துப் பார்த்தாள். மெல்ரோய் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

பெரியாஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்தார்கள். இரண்டு மாதம் முந்தி வந்திருந்தால் என்று டொக்டர் சொன்னார். இரண்டு விரல்கள் மடங்கியே நின்றுவிட்டன. மாலைதீவுக்கு வேறொருவர் போனார்.

அக்கா கிளினிக்குக்குப் போய்க் கத்தினாள். நானும் பக்கத்தில் நின்றேன்.

"நாங்க எடுத்தனாங்க மிஸ். தங்கச்சி எண்டு ஒராள் கதைச்சவ" என்றார் தாதி.

"எங்கட ஐறீனா? பெத்த தாய்க்கே போன் எடுக்காதவள். நீங்க ஆரோ ஒருத்தின்ர நம்பருக்கு அடிச்சிட்டு, இந்தப் பாவத்தின்ர தலையில பழியப் போடுறீங்களா?" என் தோளைச் சுற்றி அந்தக் கையைப் போட்டாள். மடங்கிய விரல்கள் என் கழுத்தில் பட்டன. "பாருங்கோ, பயத்தில நடுங்குது பிள்ள."

உண்மையில் நடுங்கினேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்குவதில்லை. மனச்சாட்சி இல்லாதவள் என்று என்னை நினைக்க வேண்டாம். அது இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது அவளுக்கு நான்தான் பொத்தான் பூட்டுகிறேன், தலை பின்னுகிறேன். நாங்கள் முன்பைவிட நெருக்கமாக இருக்கிறோம். இதுவும் உண்மை.

போன மாதம் அவள், "கிற்றார மாத்திப் பிடிச்சா என்னடி? வலது கையால வடிவத்தப் பிடிக்கிறன், இந்த நொண்டிக் கையால சும்மா தட்டுறன்" என்றாள். அதைக் கேட்டு நான் அழுதேன். என் பாவத்துக்குப் பரிகாரம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். எல்லா வடிவங்களையும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாற்றி, ஒரு பிழை இல்லாமல், புதுக் கொப்பியில் கீறிக்கொடுத்தேன். வேகமாகப் பிடித்துக்கொண்டாள். ரெனால்ட் அங்கிள் வந்து கேட்டுவிட்டு, அடுத்த வருடம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இந்த வாரம் வலது மணிக்கட்டும் கொஞ்சம் நோகிறது என்கிறாள். இந்த முறை பிந்தவிடக்கூடாது என்று நான்தான் அவளை வேறொரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். படிவத்தையும் நானே நிரப்பினேன். தொடர்புக்கு என் நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.