நீலக் கோடி

கடல் நம்ம தெருவுக்கு ஒரு கல்லு தள்ளி இருந்த காலமாம். இந்தக் கொற்றப்பட்டினத்துல நூறு தறி ஓடுச்சாம். அத்தனை துணியும் ஒரே ஒரு இங்கிலீசு வியாபாரிக்குத்தான். இங்க அவரு கப்பல் ஏத்துவாரு, அங்க சீமையில அவரு மச்சான் விப்பாரு. மச்சான்னா, அவரு சம்சாரம் மார்த்தாம்மாவோட கூடப்பொறந்த அண்ணன்.

அந்த வியாபாரி காய்ச்சல்ல போய்ச் சேந்துட்டாராம். தறிக்காரங்களுக்குத் தலைவரு நம்ம முப்பாட்டன் சடையப்ப முதலியாரு. மனுசன் ஆடிப் போயிட்டாரு. இனிமே கப்பல் வராட்டி நூறு வீட்டு அடுப்பும் அணையுமே. அதுக்கு நடுவுலயும் அவருக்கு ஒரு நெனப்பு. பதினாறாம் நாளு மார்த்தாம்மாவுக்கு அண்ணன் கையால போத்துற பொறந்த வீட்டுக் கோடித்துணி வேணுமே, அண்ணங்காரன் கடலுக்கு அந்தாண்ட இருக்கானே? "நான் அண்ணனா நிக்கிறேன்"னாராம். ஆறு மாசம் முன்னாடிதான் புருசனப் பறிகொடுத்த தன் தங்கச்சி குப்பாயிக்கு அவரே தன் கையால வெள்ளைக் கோடி போத்துனாரு. அதுக்குப் பத்தொம்பது வயசு.

கோடியத் தட்டுல வச்சு, ஒப்பாரி வைக்க நாலு பொம்பளைங்களக் கூட்டிக்கிட்டுப் போறாரு. போறாரு, போறாரு, அந்த வீட்டு வாசல்ல நிக்கிறாரு. உள்ள பிடில் சத்தம். எட்டிப் பாத்தா கல்யாணம். மார்த்தாம்மா நீலப்பட்டு உடுத்தி, செத்தவரோட வியாபாரக் கூட்டாளி கையப் புடிச்சு நிக்குது. அழ வாயத் தொறந்த பொம்பளைங்க அப்படியே நின்னுட்டாங்களாம்.

தட்டப் பாத்து, "அண்ணன் சீரா?"ன்னு கேட்டுச்சாம் அந்தம்மா. இவரு பதில் சொல்றதுக்குள்ள வெள்ளைக் கோடிய எடுத்துத் தோள்ல போட்டுக்கிச்சாம். முதலியாரு அதத் திரும்ப வாங்கக் கைய நீட்டுனாரு.

"அம்மா, அது எழவுத் துணிம்மா. அவரு போயி பதினாறு நாள்தான் ஆவுது."

அந்தம்மா மொகம் சுருங்கிப் போச்சாம். ஆனா துணியத் தோள்லேருந்து எடுக்கல. "தெரியும் முதலியார். ஒவ்வொரு நாளா எண்ணிக்கிட்டுதான் இருந்தேன். எங்க அண்ணன் மச்சானை நம்பித்தான் கப்பல் அனுப்புவாரு, வேத்தாளை நம்ப மாட்டாரு. மழைக்காத்துக்கு முன்னாடி நாளைக்குக் கப்பல் கிளம்புது. அதுல போற கடுதாசியில, என்னைக் கட்டின மச்சான் ஒருத்தரு இங்க இருக்காருன்னு எழுதணும். இல்லேன்னா உங்க தறியும் போச்சு, என் வீடும் போச்சு."

"உங்க அண்ணன் இத ஒத்துக்குவாராம்மா?"

"தங்கச்சி மூலையில கெடந்து அழணும்னு எந்த அண்ணன் நெனப்பான்? கப்பல் போவட்டும். நான் அப்பறம் அழுதுக்கிறேன். இந்தத் துணி அப்ப வேணும்."

முதலியாரு திரும்பி வீட்டுக்கு வந்தாரு. தறியில சீமைக்குப் போவ வேண்டிய நீலத்துணி இருந்துச்சு. அறுத்துக் குப்பாயி மடியில போட்டாரு.

"ஊரு என்னண்ணே சொல்லும்?"

"வெள்ளைய உனக்குப் போத்துனவன் நான். எடுக்கிறதும் நான்தான்."

தெருவே காறித் துப்புச்சாம். துப்பட்டும்னுட்டாராம். அடுத்த வருசம் கப்பல் வந்துச்சு, குப்பாயிக்குக் கல்யாணமும் ஆச்சு.

அதுலேருந்து நம்ம தெருவுல பொறந்த வீட்டுக் கோடி நீலம்தான். போன மாசம் எந்தங்கச்சி புருசனோட பதினாறுக்கு நான் எடுத்துட்டுப் போனேன். அவ வாக்கப்பட்ட ஊர்க்காரங்க வாயப் பொளந்தாங்க. நான் தட்ட எறக்கவே இல்ல.