காற்று சுத்தம்

காலையில் எழுந்ததும் ஜன்னலோரம் நின்று மூச்சை இழுத்துப் பார்ப்பது என் வழக்கம், இன்ஸ்பெக்டர் மேடம். காலடிப்பேட்டையில் இது அதிசயமில்லை. ஆலைகளின் பக்கமிருந்து காற்று திரும்பினால் அழுகின முட்டை வாடை வரும், சில நாள் தொண்டையில் காரம் ஏறும். பல் துலக்குவதற்கு முன்பு எல்லோருமே மோந்து பார்ப்பார்கள். நான் அதை ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆக்கினேன், அவ்வளவுதான்.

துறைமுகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு, சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பூசையில் சமாதானம் சொல்லிப் பக்கத்தில் இருப்பவர் கும்பிடும்போதுதான் ஒரு மனுஷர் என் முகத்தைப் பார்ப்பார். குரூப் வந்ததும் அது மாறியது. தெருவுக்கு ஒருவர் வாடையை எழுதுவார்கள்: முட்டை, பெயின்ட், ஒன்றுமில்லை. அதையெல்லாம் சேர்த்து நான் குரல் பதிவு போடுவேன். காற்று சுத்தம், ஜன்னலைத் திறக்கலாம் என்பேன். இல்லாவிட்டால் மூடியே வையுங்கள் என்பேன். மார்க்கெட்டில் முன்பின் தெரியாதவர்கள் 'காத்து அக்கா' என்று கூப்பிட்டார்கள். முதல் தடவை அப்படிக் கேட்ட அன்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

வாய்க்கால் தெருப் பூவம்மாவுக்கு மூச்சிரைப்பு. எழுதப் படிக்கத் தெரியாது, என் பதிவை மட்டும் கேட்பாள். ரேஷன் கடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னாதான் ஜன்னல தொறக்கறது, ஜானட்டு. பொயுது விடிஞ்சா உன் கொரலுதான் எனுக்கு" என்றாள். அந்தக் கையை விட எனக்கு மனசே வரவில்லை.

பிறகு பதுருன்னிசா வந்தாள். டியூஷன் எடுக்கிற பெண். ஆலை விரிவாக்கத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குரூப்பிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்களைக் கூட்டிப்போய், மைக்கைப் பிடித்துப் பேசினாள். நல்ல காரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் எல்லோரும் அவளிடமே கேட்டார்கள், அவளுக்கே நன்றி சொன்னார்கள். என் பதிவுக்குக் கீழே யாரும் ஒன்றும் போடுவதில்லை. பூவம்மாகூட, "பதுரு பொண்ணு இன்னாமா பேசுது" என்றாள். குரூப்பில் வீண் அரட்டை அதிகமாகிவிட்டது என்று சொல்லி, அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றினேன். அட்மின் நான் ஒருத்திதான்.

அன்று காலை வாடையை நானே உணர்ந்தேன். கண்ணில் நீர் வந்தது. என் ஜன்னல்களை மூடி, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்தேன். அந்த நேரம் பதுருன்னிசா போன் செய்தாள்.

"அக்கா, வாய்க்கா பக்கம் கண்ணு எரியுது. குரூப்ப தொறந்து வுடுக்கா. ஆளுங்க தூங்கிகினு கீறாங்க."

இங்கே ஒன்றும் தெரியவில்லையே என்றேன். என் மூக்கை அவள் நம்பினாள். நியாயமாக யோசித்துப் பாருங்கள், மேடம். அப்போது நான் எச்சரித்தால், முதலில் சொன்னவள் அவள் என்று ஆகிவிடும். அதனால் காற்று சுத்தம் என்று பதிவு போட்டேன். ஒரு டீ குடிக்கும் நேரம் விட்டு, காற்று திடீரென்று மாறிவிட்டது, எல்லாவற்றையும் மூடுங்கள் என்று நானே சொன்னேன். என் எச்சரிக்கை பலரைக் காப்பாற்றியது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இடையில் பூவம்மா ஜன்னலைத் திறந்துவிட்டாள். திறப்பாள் என்று எனக்குத் தெரியும். முதல் பதிவை அனுப்பும்போது அவள் முகம்தான் நினைவுக்கு வந்தது. தெரிந்தேதான் அனுப்பினேன். நான் ஜன்னல் மூடியதை எதிர்வீட்டுப் பையன் சாவியோ பார்த்துவிட்டான் என்கிறீர்கள். பார்த்திருக்கலாம்.

அவள் இறந்த செய்தியைக் குரூப்பில் நான்தான் சொன்னேன். எல்லோரும் எழுதலாம் என்று திறந்தும் விட்டேன். நாள் முழுக்க எனக்கு ஆறுதல் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டேன். பதுருன்னிசா வீட்டுக்கே வந்து, "சாப்ட்டியாக்கா?" என்று கேட்டாள். அம்மாவுக்குப் பிறகு என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, மேடம்? பூவம்மா பிழைத்திருந்தால் பதுருன்னிசா ஏன் கேட்கப் போகிறாள்.