புதிதாகச் சேர்ந்தவள்

எழுத்துப் பிழை என்றால் எனக்குக் கண்ணில் தூசி விழுந்த மாதிரி. எங்கள் வம்சாவளியைக் கணினியில் ஏற்றும் பொறுப்பு என்னிடம் வந்ததே அதனால்தான். வெளியூரில் இருக்கும் தங்கைக்கும் ஒரு பிரதி கொடுத்திருந்தேன். கல்யாணம், பிறப்பு என்று காதில் விழுவதை அவள் அதில் சேர்த்து அனுப்புவாள். என் பழைய கோப்பையும் அவளுடைய புதியதையும் ஒப்பிட ஒரு மென்பொருள் உண்டு. புதிதாக வந்தவர்களை மட்டும் பச்சையில் காட்டும். பெரும்பாலும் கைக்குழந்தைகள்தான்.

ஒருமுறை பச்சையில் வந்தவள் குழந்தை இல்லை. என்னைவிடச் சின்னவள், தங்கையைவிடப் பெரியவள். தகப்பன் பெயர் இருக்கும் இடத்தில் எங்கள் அப்பா.

தங்கையை அழைத்து, "யாரு இது?" என்றேன்.

"அப்பாவோட பொண்ணுண்ணா. நான் போய்ப் பார்த்தேன். பேசிட்டு எழுந்து வரவே மனசில்ல. நீயும் ஒரு தடவை பேசேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

கொஞ்சம் தயங்கினாள். "அதை நேர்ல வந்து சொல்றேனே."

தெரியாது என்று புரிந்துகொண்டேன். அப்பா போன துக்கமே அம்மாவுக்கு ஆறவில்லை. இதையும் கேட்டால் இடிந்துபோவார். பெற்ற பிள்ளை கைகட்டிக்கொண்டிருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

கோப்பில் அவள் பெயரை அழித்தேன். தங்கை திரும்பச் சேர்த்தாள். மறுபடி அழித்தேன். மறுபடி பச்சை. இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தால் செடி சாகுமா.

நானே அவளை போனில் அழைத்தேன். லிஃப்ட் பொருத்துவது என் தொழில். அப்போது ஒரு புதுக் கட்டடத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆட்கள் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்து அங்கே வரச் சொன்னேன். வீட்டுக்குக் கூப்பிடும் நிலைமை இல்லை என்றேன்.

"பரவாயில்லண்ணா. கூப்பிட்டீங்களே, அதுவே போதும்."

தையல்காரி. விரல் நுனியில் துணிக்குக் கோடு போடும் சுண்ணக்கட்டியின் தூள். மாடிப்படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தேன். மரியாதையில் குறை வைக்கவில்லை.

சிரிப்பதற்கு முன் சுண்டுவிரலால் புருவத்தை நீவிக்கொண்டாள். அது அப்பாவின் பழக்கம். சின்ன வயதில் கண்ணாடி முன் நின்று எத்தனையோ முறை செய்து பார்த்திருக்கிறேன். எனக்கு வரவில்லை.

"அப்பாதான் எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுத்தாரு. பின்னாடியே ஓடி வருவாரு, பாவம்" என்றாள்.

எனக்குக் கற்றுக்கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரர். அதை அவளிடம் சொல்லவில்லை. அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமும் இல்லை.

"இறங்கும்போது லிஃப்ட்ல போயிடலாம்மா" என்றேன். லிஃப்ட் வராமலே அதன் வெளிக்கதவைத் திறக்கும் சாவி என்னிடம் இருந்தது. லிஃப்ட் கீழ்த்தளத்தில் நின்றிருந்தது. கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தபடியே, "அடுத்த வாட்டி என் பொண்ணையும் கூட்டிட்டு வரேண்ணா, மாமா மாமான்னு உயிரை வாங்குவா" என்று சொல்லிக்கொண்டே காலை எடுத்து வைத்தாள்.

நான் தள்ளவில்லை. கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் இருந்தாள். நீட்டவில்லை.

விபத்து என்றுதான் ஊர் நம்பியது. துக்கம் கேட்டு வந்த தங்கையைக் கட்டிக்கொண்டு அம்மா அழுதார்.

"அவளை அதுல சேர்க்கச் சொன்னதே நான்தானேடி. அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது எனக்கு எப்பவோ தெரியும். அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணிச்சு? இவன்கிட்ட பக்குவமாச் சொல்லி வீட்டுக்குக் கூட்டிட்டு வரலாம்னு இருந்தேனே."

பிறகு என் பக்கம் திரும்பினார். "அவளை எதுக்குடா அங்க வரச் சொன்னே?"

உங்களைத் தேடி ஸ்டேஷனுக்கு வந்து சொன்னதும் அம்மாதான் என்று தெரியும். எனக்கு வருத்தமில்லை.

எதையும் மறைக்கப்போவதில்லை. லிஃப்ட் அங்கே இல்லை என்று தெரிந்தே கதவைத் திறந்தேன். அவள் சாக வேண்டும் என்றுதான் திறந்தேன். ஆனால் அம்மா சொன்னதை மட்டும் அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். வயதாகிவிட்டது. தன் மனம் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்.