பேசச் சொல்லாமலே பேச வைத்தவருக்கு

முப்பத்தோராண்டுக் காலம் முதல் வகுப்பின் முகமாய் விளங்கி, இன்று பணிநிறைவு பெறும் எங்கள் பெருமதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களே! அதட்டத் தெரியாத அன்பே! அவசரம் அறியாத அறிவே! உடன் உழைத்த நாங்கள் உள்ளம் நெகிழ்ந்து வாசித்தளிக்கும் மடல் இது.

உங்கள் பணிகளை அடுக்கத் தொடங்கினால் பொழுது போதாது. ஒன்றை மட்டும் சொல்கிறோம். அதில் எங்கள் பிழையும் உண்டு. ஆகவே ஒளிக்காமல் சொல்கிறோம்.

மூன்றாண்டுகளுக்கு முன் உங்கள் வகுப்பில் ஒரு சிறுமி சேர்ந்தாள். வீட்டில் வாயாடி, பள்ளி வாசலை மிதித்தால் வாய்ப்பூட்டு. வருகைப் பதிவில் பெயரை அழைத்தால் சிலையாய் நிற்பாள். கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று கேட்க முடியாமல் உடை நனைந்து அழுத நாளும் உண்டு. நாங்கள் என்ன செய்தோம்? "சரியான அழுத்தக்காரி" என்றோம். "ரெண்டு அதட்டு அதட்டினா பேச்சு தானா வரும்" என்றார் எங்களில் ஒருவர். "வாய்மொழித் தேர்வுக்கு மார்க்கே போட முடியலை. வேற ஸ்கூல் பாத்துக்கச் சொல்லிடலாம்" என்று ஆசிரியர் கூட்டத்தில் முடிவெடுக்கவும் முனைந்தோம்.

அன்று எழுந்து நின்றீர்கள். "அவ பேச மாட்டேன்னு அடம் பிடிக்கலைங்க. பேசணும்னு நினைக்கறா, பயம் தொண்டையைப் பிடிச்சுக்குது. இந்த வருஷம் முடியறவரைக்கும் என்கிட்ட விடுங்க" என்றீர்கள். குரல் உயரவில்லை, கூட்டம் அடங்கியது.

மறுநாள் முதல், பள்ளி மணிக்கு அரை மணி முன்பாக, அந்தச் சிறுமியும் தாயும் வெற்று வகுப்பறையில் விளையாடினார்கள். நீங்களோ வெளியே தாழ்வாரத்தில்! அடுத்த வாரம் கதவு சற்றே திறந்தது. அதற்கடுத்த வாரம் மூலையில் அமர்ந்து நோட்டுத் திருத்தினீர்கள். நாற்காலி நாளுக்கு ஒரு சாணாய் நகர்ந்தது. கழிப்பறைக்குப் போக, காட்டினால் போதும் என்று ஒரு படஅட்டையை அவள் மேசையில் வைத்தீர்கள். "அவ பேச மாட்டா மிஸ்" என்ற பிள்ளைகளிடம், "இன்னும் பேசலை, அவ்வளவுதான்" என்று திருத்தினீர்கள்.

மூன்றாம் மாதம் பாம்பும் ஏணியும் ஆட்டத்தில் நீங்களும் சேர்ந்தீர்கள். பகடை இரண்டும் உருண்டன. "ஆறு" என்று காயை நகர்த்தினீர்கள்.

"ஏழு" என்றாள் சிறுமி.

தாய் வாயைப் பொத்திக்கொண்டார். நீங்கள் நிமிரக்கூட இல்லை. "அட, ஆமா, ஏழு" என்று இன்னொரு கட்டம் நகர்த்தினீர்கள். அங்கே பாம்பு கடித்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்!

செய்தி அறிந்த எங்களுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. "கைதட்டிடாதீங்க. எல்லாரும் திரும்பிப் பாத்தா வந்த பேச்சும் உள்ள போயிடும்" என்று எச்சரித்தீர்கள். வேண்டுமென்றே தப்பாக எண்ணினீர்களா என்று கேட்டோம். "இல்லைங்க, கண்ணாடியை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன்" என்றீர்களே!

நீண்ட விடுமுறைக்குப் பின் அவள் மீண்டும் மௌனமானபோது, முகம் சுளிக்காமல் மறுபடி தாழ்வாரத்திலிருந்து தொடங்கினீர்கள். வீட்டில் அவள் வாசித்ததைச் செல்பேசியில் பதிந்து வரச்செய்து, அதற்கே மதிப்பெண் வாங்கித் தந்தீர்கள். இன்று எங்கள் பள்ளியில் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் விதி. ஒரு குழந்தை பேசாவிட்டால், ஏன் என்று யோசிக்கும் வழக்கத்தை நாங்கள் கற்றது உங்களால்தான்.

இன்று காலை ஆசை மிகுதியால் ஒரு தவறு செய்தோம். நான்காம் வகுப்பில் படிக்கும் அவளிடம், மேடையேறி உங்களை வாழ்த்திப் பேசச் சொன்னோம். கேட்கப் போன எங்கள் ஆறு பேரையும் நேராகப் பார்த்து, "மாட்டேன் மிஸ். எனக்குப் பிடிக்கலை" என்றாள். வாய் திறந்து, தெளிவாக! எந்த வாழ்த்துரையும் அதற்கு ஈடாகுமோ? "சரிம்மா" என்று சொல்லி நகர்ந்தோம்.

மணியோசை விரட்டாத காலைகளும், நோயணுகாத உடலும், நினைத்தபோது உறங்கும் நிம்மதியும் பெற்று நீங்கள் நெடுங்காலம் வாழ்க!

என்றும் உங்கள் அன்பில்,
பள்ளி ஆசிரியர்களும் அலுவலகத்தாரும்