லைனை நிறுத்திய புஷ்பா அக்கா

சென்ற செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு இருபது பெர்ரிப் படகு. ஜார்ஜ்டவுனிலிருந்து பட்டர்வொர்த்துக்குப் போகும் வழியில், தொழிற்சாலைச் சட்டை அணிந்த இரண்டு பெண்கள் எனக்கு முன் வரிசையில் அமர்ந்திருந்தார்கள்.

“நான் செஞ்ச தப்பைத்தான் மொதல்ல எல்லார் முன்னாலயும் மாட்டி வெச்சேன்,” என்றாள் ஒருத்தி.

தோழி சிரித்தாள். “லைன் லீடர் நீயே இப்படிச் செஞ்சா, அப்புறம் யாரு லா பயப்படுவா?”

“பயந்துதானடி என் லைன் ஆளுங்க கெட்ட சர்க்யூட் போர்டையெல்லாம் டிராயர்ல ஒளிச்சாங்க. நான் கெடுத்த போர்டுல என் பேரை எழுதி, எப்படிக் கெட்டுச்சுன்னும் எழுதி, மெஷின் பக்கத்துல தொங்க விட்டேன். ரெண்டு வாரம் அது ஒண்ணுதான் தொங்குச்சு.”

“அப்புறம்?”

“நேத்து என் லைன்ல மெஷின் ஓட்டற புஷ்பா அக்கா தானாவே லைனை நிறுத்திட்டாங்க. ‘தங்கச்சி, மெஷின்ல தப்பான பார்ட்ஸ் ரீலை ஏத்திட்டேன் போல, வந்து பாரு’ன்னாங்க. அவங்க சொல்லலைன்னா ஒரு லோரி கெட்ட சாமான் வெளிய போயிருக்கும்.”

“இருந்தாலும் லைன் நின்னுச்சே. உன்னை மறுபடி ஆப்பரேட்டரா இறக்கிட்டாங்கன்னா?”

“மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டாரு. இறக்குங்க, ஆனா என் இடத்துல புஷ்பா அக்காவைப் போடுங்கன்னேன்.”

“அதுக்கு?”

“ரெண்டு பேரும் இருக்கற இடத்துலயே இருங்கன்னாரு. இன்னிக்குக் காலையில மத்த லைன் லீடருங்களைக் கூட்டிட்டு வந்து, எப்ப நிறுத்தணும்னு இவங்ககிட்ட கேட்டுக்கங்கன்னு அக்காவைக் காட்டினாரு. அக்கா அழுதுட்டாங்க. நான் அழல லா.”

தோழி அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“கண்மை காது வரைக்கும் போயிருக்கு. தொடச்சுக்கடி.”